எழுபத்தொரு டிகிரி மீசை

ஜனவரி மாதத்து முதல் சனிக்கிழமை. சஸ்காட்செவான் மாகாணத்தில் அன்று மைனஸ் முப்பது. பனித்தரையில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் அரங்கத்துக் காப்பி மேஜையில் ஓரெஸ்ட் பலாமார் எழுந்து நின்று உலகத்துக்கு ஓர் உண்மையை அறிவித்தார். உலகம் என்றால் பக்கத்து வீட்டு க்ளென்னும் இன்னும் ஆறு பேரும்.

“இன்ஜின்ல ஓடற தண்ணி எழுபத்தொரு டிகிரியிலதான் இருக்கணும். தொண்ணூத்தொண்ணுன்னு கம்பெனிக்காரன் சொல்றானே, அது இன்ஜினை வேகவெச்சுக் கொல்ற வேலை. அப்பதானே நாம புது வண்டி வாங்குவோம்!”

“ஹீட்டர் அந்தத் தண்ணியிலதானேய்யா சூடாகுது?” என்றார் க்ளென். “தண்ணி சூடு கம்மியானா உன் பொண்டாட்டி கால் விறைச்சுப்போகாதா?”

“போகாது! அடுத்த சனிக்கிழமை யார்க்டன்ல நடக்கற கர்லிங் போட்டிக்கு எழுபத்தொண்ணுலயே ஓட்டிக் காட்டறேன். நூத்துப்பத்து கிலோமீட்டர். நாடியா வாயிலேருந்து குளிருதுன்னு ஒரு வார்த்தை வந்தா என் மீசையை எடுத்துடறேன்!”

ஏழு பேரும் அந்த மீசையையே பார்த்தார்கள். அது லேசுப்பட்ட மீசை இல்லை. முப்பத்திரண்டு வருடப் பயிர். போர்ஷ் சூப் குடித்தால் பாதி வயிற்றுக்குப் போகும், பாதி மீசையில் தங்கும். அதை எடுக்கச் சொல்லிச் சொல்லி அவர் மனைவி நாடியா ஓய்ந்துபோய் இருபது வருடம் ஆகிறது. சின்ன ஊர். ஓரெஸ்ட் வண்டியைக் கிளப்பி வீடு வந்து சேர்வதற்குள் சபதம் போன் வழியாக அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டிக் கதவு. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வரும்வரை மூடிக்கொண்டிருக்கும். வந்ததும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். எந்தச் சூட்டில் திறக்கும் என்று அதன் மேலேயே எண் குத்தியிருப்பார்கள். ஓரெஸ்டின் காப்பி டப்பாவில் பழசு நாலு கிடந்தன. நாலிலும் எண் தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கலாம்தான். ஆனால் டப்பாவில் நாலு இருக்கும்போது கடைக்குப் போக அவருக்கு மனசு வராது.

“நாடியா, அந்த ஜாம் காய்ச்சற பானையைக் குடு.”

“எதுக்கு?”

“தெர்மோஸ்டாட் வேகவைக்க.”

“உப்புப் போடணுமா?”

“கிண்டல் வேண்டாம். பாகுக்கு வெப்பியே, அந்த தெர்மாமீட்டரையும் குடு. எது எழுபத்தொண்ணுல திறக்குதோ அது வண்டிக்கு.”

“அப்போ என் காலு?”

“இன்ஜின் ஆரோக்கியம் பெரிசா, உன் காலு பெரிசா?”

நாடியா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இன்ஜின்தான்” என்று சொல்லிவிட்டு தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் ஓரெஸ்டுக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

முதலாவதை நூலில் கட்டிப் பானைக்குள் இறக்கினார். ஐம்பத்தொன்றிலேயே வாயைப் பிளந்தது. “சீக்கு” என்று குப்பையில் போட்டார். இரண்டாவது அறுபத்திரண்டில் திறந்தது, அதுவும் குப்பைக்கு. மூன்றாவது துருப்பிடித்து அசையவே இல்லை. நாலாவது, தெர்மாமீட்டரில் சரியாக எழுபத்தொன்று வந்தபோது, மெல்லத் திறந்தது.

“என் செல்லமே!” என்றார் ஓரெஸ்ட். நாடியாவைத்தான் கூப்பிடுகிறார் என்று யாரும் நினைக்கவில்லை. உடனே அடுப்பை அணைத்துவிட்டு வண்டிக்கு ஓடினார்.

சனிக்கிழமை மைனஸ் முப்பத்திரண்டு. வண்டி பாதி தூரம் போவதற்குள் நாடியா கையுறையைக் கழற்றினார். பிறகு கோட்டைக் கழற்றினார். பிறகு ஜன்னலை ஓர் அங்குலம் இறக்கினார்.

“என்ன பண்றே?”

“புழுங்குது ஓரெஸ்ட்.”

சூடு காட்டும் முள் செத்துப் பல வருடம் ஆன பிக்கப் அது. முள் காட்டாவிட்டால் என்ன, மனைவியே காட்டுகிறாளே! ஓரெஸ்டுக்கு நெஞ்சு விம்மியது. மீசையை வழியெல்லாம் முறுக்கிக்கொண்டே ஓட்டினார்.

க்ளென் தோல்வியை ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. கடைக்குப் போய், எண் பளிச்சென்று குத்திய புத்தம்புது எழுபத்தொன்றை வாங்கித் தன் வண்டியில் மாட்டினார். நாலாம் நாள் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சிவந்த மூக்கோடு ஓரெஸ்டின் சமையலறைக்குள் வந்து நின்றார்.

“அடப்பாவி, உன் பேச்சைக் கேட்டேன் பாரு! ஹீட்டர் பெருமூச்சு விடுது, சூடே இல்ல. என் வீட்டுக்காரி வண்டியில ஏற மாட்டேங்கறா.”

“உனக்கு டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான். குடு இங்க.”

மறுபடி பானை, மறுபடி நூல். ஐம்பத்தொன்றில் திறந்தது.

“பாத்தியா! நான் சொல்லல?” ஓரெஸ்ட் அடுப்பை அணைக்கக் கையை நீட்டினார். நாடியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருக்கட்டும். கொதிக்கட்டும்.”

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. க்ளென் குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஓரெஸ்ட், எண்பதுன்னு காட்டுது. உங்க வீட்டுல தண்ணி எண்பதுலயே கொதிக்குமா?”

ஓரெஸ்ட் மனசுக்குள் எழுபத்தொன்றோடு இருபதைக் கூட்டினார். வந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் குப்பையில் போட்ட முதல் தெர்மோஸ்டாட்தான் அசல் எழுபத்தொன்று.

“அது அஞ்சு வருஷமா இருபது கம்மியாத்தான் காட்டுது” என்றார் நாடியா. “பாகு வைக்கும்போது நான் கூட்டிக்குவேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ தெர்மாமீட்டரைத்தானே கேட்டே?”

க்ளென் முகம் மலர்ந்தது. “அப்போ நீ யார்க்டனுக்குத் தொண்ணூத்தொண்ணுல ஓட்டியிருக்கே! பந்தயம் போச்சு!” பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. “நாடியா, மீசை போகணும்னா அன்னிக்கே குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே?”

“சொல்லலாம். ஆனா அதுக்கு எனக்கு நெஜமாவே குளிரணுமே! நூத்துப்பத்து கிலோமீட்டர் யாரு விறைச்சுக்கிட்டு வர்றது?”

ஓரெஸ்ட் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். க்ளென் போய்க் கதவை மறித்துக்கொண்டார். நாடியா சவரக்கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு, பானையிலிருந்து ஒரு குவளை வெந்நீர் மொண்டார்.

“வா ஓரெஸ்ட், உட்காரு. எண்பது டிகிரிதான், சுடாது.”