பதினோராவது பொக்கற்

மொன்றியல் தமிழர்களில் குளிரிடம் தோற்காத ஒரே மனிதர் ஜக்கெற் அண்ணைதான். ஆடி மாத வெயிலிலும் முழங்கால் வரைக்குமான அந்தக் கறுப்பு ஜக்கெற்றைக் கழற்றமாட்டார். சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குளிசை பொதி செய்தோம். அங்கே வெள்ளை அங்கி கட்டாயம். ஜக்கெற்றுக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு பனிக்கரடி மாதிரி வருவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டுக்கு மட்டும்தான் தெரியும்.

"அண்ணை, முப்பது பாகை வெயில். கழட்டுங்கோவன்."

"இண்டைக்கு முப்பது. நாளைக்கு? இந்த நாட்டை நம்பேலாது தம்பி."

ஜக்கெற்றில் பதினொரு பொக்கற். குடை, பிளாஸ்க், கோடாலித் தைலம், ஊறுகாய்ப் போத்தல் என்று பத்தில் இருப்பது எங்களுக்கு மனப்பாடம். ஒருநாள் பஸ்ஸில் ஒரு பிரெஞ்சுக்காரி மயங்கி விழ, அண்ணை ஒரு பொக்கற்றில் தேத்தண்ணி, இன்னொன்றில் சீனி, மற்றதில் கரண்டி எடுத்தார். கண் திறந்தவள் "மெர்சி, டொக்டர்" என்றாள். அண்ணையும் மறுக்கவில்லை. நெஞ்சோடு ஒட்டிய பதினோராவது பொக்கற்றை மட்டும் அவர் திறந்து நான் கண்டதில்லை.

நாங்கள் வேலையிலிருந்து இளைப்பாறியபோது அவருடைய மகள் வடதுருவப் பக்கம் போகும் கப்பலுக்கு இரண்டு டிக்கெற் வாங்கிக் கொடுத்தாள். "குளிரைப் பாக்கக் காசு குடுத்துப் போறதோ?" என்று அண்ணையின் மனுசி கையை விரித்துவிட்டார். அப்படித்தான் நான் மாட்டினேன்.

ஐந்தாம் நாள் காலை, பெயர் வாயில் நுழையாத ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நின்றது. சாப்பாட்டு மண்டபத்தில் பத்து வகைப் பாண், எட்டு வகை முட்டை. அண்ணை பச்சைத் தண்ணீரோடு இருந்தார்.

"இண்டைக்கு ஆடி அமாவாசை. கலண்டரை இப்பதான் பாத்தனான். அப்பாவுக்கு முதல் விரதம்."

நான் திகைத்துப்போனேன். அவருடைய தகப்பன் மயிலிட்டியில் கடலுக்குப் போனவர். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அண்ணைக்கு அப்போது பதினெட்டு வயது. 'கொப்பர் எங்கையோ கரையில ஏறியிருப்பார். நான் இருக்குமட்டும் அவருக்குத் திவசம் செய்யாதை' என்று தாய் சத்தியம் வாங்கியிருந்தார். மொன்றியல் அஹுன்ட்சிக் வீட்டில் கடைசி மூச்சு வரைக்கும் அந்தத் தாய் குங்குமப் பொட்டு அழிக்கவில்லை. அவர் காலமாகி ஒரு வருடத் திவசமும் முடிந்திருந்தது.

"காகம் சாப்பிட்டாப் பிறகுதான் நான் சாப்பிடுவன்," என்றார் அண்ணை.

"இங்கை காகத்துக்கு எங்கை போறது?"

"இருக்கும்."

கப்பல் குசினியில் ஒரு தூத்துக்குடிக்காரர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "கவலைய விடுங்க சார், நானும் எங்கப்பாவுக்குக் கப்பல்லதான் கும்புடுறேன்" என்று சோறும் பருப்பும் பூசணிக்காயும் ஆக்கித் தந்தார். கரைக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தடை. காவலர் ஜக்கெற்றைத் தடவிப் பார்க்க, அண்ணை பணிவாகப் பொக்கற் பொக்கற்றாகக் காலி செய்தார். குடை வந்தது, பிளாஸ்க் வந்தது, ஊறுகாய் வந்தது. ஏழாவதோடு மனுசன் களைத்துப்போய் "போங்கோ" என்று கையைக் காட்டிவிட்டார். சோறு ஒன்பதாவதில் இருந்தது.

கரையில் சரளைக்கல் தெரு, சின்னச் சின்னப் பலகை வீடுகள். எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் கோழி அளவில் ஒரு கரிய காகம். அண்ணை சோற்றை வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். கப்பலில் வந்த வெள்ளைக்காரர் கடலில் தெரிந்த திமிங்கிலத்தை விட்டுவிட்டு அவரைப் படம் பிடித்தார்கள். காகம் கழுத்தைச் சரித்துப் பார்த்ததே தவிர, இறங்கவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. நான்கு மணிக்குக் கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு.

"எடுக்காட்டி என்ன அண்ணை?"

"எடுக்காட்டி அம்மா சொன்னது சரி. அப்பா எங்கையோ இருக்கிறார்."

"எடுத்தா?"

காகம் வரவேண்டும் என்று நிற்கிறாரா, வரக்கூடாது என்று நிற்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திராது.

பக்கத்து வீட்டு வாசலில் மீன் காயவிட்டுக்கொண்டு நின்ற அந்த ஊர்ப் பெண் ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்கமுடியாமல் வந்து, "அவன் சோறு தின்னமாட்டான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு மீன் துண்டை வெட்டிச் சோற்றின் மேல் போட்டாள்.

"ஐயையோ, விரதச் சோறு!" என்று நான் பாய்ந்தேன்.

அண்ணை என் கையைப் பிடித்தார். "விடு தம்பி. அப்பா மீனில்லாமல் ஒருநாளும் சோத்தில கை வச்சவரில்லை."

காகம் இறங்கியது. முதலில் மீன். பிறகு சோறு. பூசணிக்காயைத் தள்ளிவிட்டது.

"பூசணிக்காயும் அவருக்குப் பிடிக்காது," என்றவர், "அப்ப, அப்பா போயிட்டார்" என்று சொல்லி, அறுபத்தைந்து வயது மனுசன், நடுத்தெருவில் விக்கி விக்கி அழுதார்.

பிறகு பதினோராவது பொக்கற்றைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னப் பொட்டலம். எள்ளும் தர்ப்பைப் புல்லும்.

"எப்ப தொட்டு வச்சிருக்கிறியள்?"

"கனடா வந்த நாள் தொட்டு. மாத்தி மாத்தி வைப்பன். வீட்டில வச்சா அம்மா கண்டிடுவா. நானே அப்பாவைச் சாகக் குடுத்திட்டன் எண்டு நினைப்பா. அதுதான் கழட்டுறேல்லை."

இருபத்தெட்டு வருடம் நான் செய்த பகிடியெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர் ஜக்கெற்றைக் கழற்றி என் கையில் தந்தார். உள்ளே இருந்தவர் இவ்வளவு மெலிந்த மனிதர் என்று எனக்குத் தெரியாது. வெறும் சேட்டோடு கரையில் குந்தி, அந்த ஐஸ் தண்ணீரில் எள்ளை விட்டார்.

திரும்பும் படகில் அவருடைய பற்கள் கிடுகிடுத்தன. "அண்ணை, போடுங்கோ."

"குளிரேல்லை."

"உங்களைக் கும்பிட்டன், போடுங்கோ அண்ணை."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் யாரும் இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். அவர் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். நான் ஜக்கெற்றைப் போட்டுவிட்டு, சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டேன்.