எலி டொக்டரும் சுந்தரியும்

ஒருவர் வடைத் தட்டுக்குக் கை நீட்டுமுன்பே, அவர் எடுக்கப்போவது உளுந்து வடையா கடலை வடையா என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் இந்த ரொறன்ரோ மாநகரில் எங்கள் எலி டொக்டர்தான்.

அவர் வைத்தியர் அல்ல. எலிகளின் மூளையை ஆராய்பவர். அதே ஆய்வுகூடத்தில் நான் கொம்பியூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை ஸ்காபரோவில் ஓர் அன்ரி, பேஸ்மென்றில் எலித் தொல்லை என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறா. போனவர் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "அன்ரி, உது நல்ல கெட்டிக்கார எலி. உங்கட சமையல் நேரமெல்லாம் அதுக்குப் பாடம்" என்று பாராட்டிவிட்டு வந்துவிட்டார். எலி அங்கேயே இருந்தது.

கார் ஓட்டினால் இன்னும் மோசம். நாலு பக்கமும் 'ஸ்ரொப்' போட்ட சந்தியில், மற்றச் சாரதிகள் என்ன செய்ய நினைக்கிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே நிற்பார். பின்னால் ஹோர்ன் அடித்துக் களைத்துப்போவார்கள்.

ஆனால் வேலையில் அவர் மன்னன். ஓர் அசைவுக்கு முன் மூளை எப்படித் திட்டம் போடுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. எலியை மயக்கி, மண்டையோட்டில் மிளகளவு கண்ணாடி யன்னல் ஒன்று வைப்பார்கள். காயம் ஆறியபின், விழித்திருக்கும் எலியின் மூளைக்குள் நுணுக்குக்காட்டியால் பார்க்கலாம். ஒரு சத்தம் கேட்டால் இடப்பக்கக் குழாயை நக்க வேண்டும். மற்றச் சத்தத்துக்கு வலப்பக்கம். சரியாகச் செய்தால் ஒரு சொட்டுத் தண்ணீர். சத்தத்துக்குப் பிறகு எலி ஒரு கணம் அசையாமல் காத்திருக்கும். அந்தக் கணத்தில் திரையில் சில உயிரணுக்கள் பச்சையாக மினுங்கும். நாக்கு இன்னும் வெளியே வரவில்லை. அது எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தண்ணீருக்காக வேலை செய்வதென்றால் எலி கொஞ்சம் தாகத்தோடு இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் தாகத்தோடு இருக்கத் தான் மட்டும் குடிக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வருமா? அவருடைய செல்ல எலி சுந்தரி குடித்து முடிக்கும்வரை அவரும் ஒரு மிடறு குடிக்கமாட்டார். எல்லாரும் வெளியே இருந்து திரையைப் பார்க்க, இவர் மட்டும் எலி வேலை செய்யும் இருட்டறைக்குள் சுந்தரிக்குப் பக்கத்தில் காய்ந்த வாயோடு நிற்பார். தனிய விட்டுவிட்டு வெளியில் இருப்பது மரியாதையில்லையாம்.

இப்படியிருக்கையில்தான் அந்த அதிசயம் நடந்தது. சத்தம் வருவதற்கு முன்பே சுந்தரியின் மூளை மினுங்கத் தொடங்கியது, அதுவும் அடுத்து வரப்போகும் சத்தத்துக்குச் சரியான பக்கமாக. கொம்பியூட்டர் சத்தங்களை மாற்றும் ஒழுங்கையே எலி பிடித்துவிட்டது என்று ஆய்வுகூடத்தை நடத்தும் பேராசிரியர் பூரித்துப்போனார். இதை வைத்து, முடியவிருந்த டொக்டரின் வேலையை நீடிப்பதாகவும் சொன்னார். பிக்கரிங்கில் கடனுக்கு வாங்கிய புதுவீட்டுக்குக் குடிபோயிருந்த மனிதருக்கு அது பெரிய ஆறுதல்.

பிறகு பிறம்ரனில் ஒரு கலியாணம். அவர் லீவு போட, அன்று சுந்தரியை நான் பார்த்துக்கொண்டேன். நான் வெளியேதான் இருந்தேன். சத்தத்துக்கு முன் ஒரு மினுக்கமும் இல்லை.

திரும்பி வந்தவர் தான் உள்ளே நின்ற ஒரு நாளின் படங்களையும் லீவு நாளின் படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தார். ஆய்வுகூடத்தில் அவர் போடுவது ஒரு பழைய ரப்பர் செருப்பு. அடுத்த சத்தம் எந்தப் பக்கத்துக்கென்று இருட்டறைக்குள் அவர் முன்னாலிருந்த சின்னத் திரையில் முதலே தெரியும். இடப்பக்கம் என்றால் ஆர்வத்தில் இடப்பக்கமே சரிவார். இடது செருப்பு மெல்லக் கிரீச்சிடும். எங்களுக்குக் கேட்காது. எலிக்குக் கேட்கும்.

மனிதர் இடிந்துபோவார் என்று பயந்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது.

"நான் அவவின்ர மூளையைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன். அவ என்ர மூளையைப் பாத்திருக்கிறா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதக்கணக்கான உழைப்பும் அவருடைய வேலையும் போகப்போகின்றன. அடுத்த நாள் எல்லாரும் கூடும் கூட்டம்.

"அண்ணை, உது எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும்தானே தெரியும்" என்றேன்.

"மூண்டு பேருக்கு. அவவுக்கும் தெரியும்" என்றார்.

கூட்டத்தில் எழுந்து, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னார். சுந்தரியின் கெட்டித்தனத்தைச் சொல்லும்போது மட்டும் குரலில் பெருமை வழிந்தது. வேலை நீடிக்கப்படவில்லை. டொக்டர் ஒஷாவாவில் படிப்பிக்கப் போய்விட்டார்.

இன்று அந்த அறையில், எலி வேலை செய்யும்போது மனிதர் எவரும் உள்ளே நிற்கக்கூடாது என்பது சட்டம். புதிதாக வரும் மாணவர்கள் ஏன் என்று கேட்பார்கள். சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்லத் தொடங்குவேன். அவர் செருப்போடு எழுந்து நின்ற இடம் வரும்போது மட்டும், திரையில் ஏதோ பழுது என்று பாசாங்கு செய்து அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.