கோட்டைத் தாண்டாமல் பேத்தியைப் பார்த்த விதம்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் பரம சௌக்கியம். தங்கள் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. என் பேத்தியை நாள் முழுக்க மடியில் வைத்திருப்பவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். போனில் என்றால் தாங்கள் நடுவில் பேசுவீர்கள்.

எங்கள் தூதரோடு குறிப்பெழுதுபவனாக இந்த ஊரில் நடக்கும் இரு நாட்டுப் பேச்சுவார்த்தைக் கூட்டத்துக்குப் போகிறாய் என்று அலுவலகத்தில் சொன்னதும் நான் அடைந்த சந்தோஷம் தங்களுக்குத் தெரியும். பேத்தி பிறந்ததிலிருந்து அவளை நான் தொட்டதில்லை, போனில் பார்த்ததோடு சரி. ஆனால் கையில் கிடைத்த விசாவோ, அரசு வேலையாக வந்து போகிறவர்களுக்கான வழிப்பயண விசா; அதிலும் கட்டுப்பாடு. கூட்ட மண்டபத்தைச் சுற்றிக் கோடு போட்டதுபோல் கொஞ்ச தூரம்தான் நடமாடலாம், கூட்டம் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும். இதைத் தங்களிடம் சொல்லி வருத்தப்பட்டபோது தாங்கள் சொன்ன ஆறுதலை மறக்க முடியுமா?

"அளந்து பாத்துட்டேன் சம்பந்தி. நம்ம வீடு கோட்டுக்கு வெளிய இருக்கு. பாலத்தைத் தாண்டினீங்கன்னா விசாவும் போச்சு, வேலையும் போச்சு. குழந்தையை நான் பாத்துக்கறேன், நீங்க நாட்டைப் பாத்துக்குங்க."

நில அளவைத் துறையில் தலை நரைத்தவர் சொன்னால் சந்தேகப்படலாமா? தினமும் மாலையில் பாலத்தின் இந்த முனைவரை நடந்து வந்து, அக்கரை மாடிகளில் எந்த ஜன்னலில் குழந்தைத் துணி காய்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகையே வந்தது. குழந்தையைப் பாலத்துக்குத் தூக்கி வரச் சொன்னால் அதற்கும், "காத்து ஆகாது" என்று தடை போட்டீர்கள்.

என் மகள் யார் பெண்? நேற்று அவள் போன் செய்தாள்.

"அப்பா, உங்க மண்டபத்துல பொதுமக்கள் உக்கார மாடம் இருக்காமே. நாங்களும் பொதுமக்கள்தானே?"

தாங்கள் மதியக் குறட்டையில் இருந்தபோது குழந்தையோடு கிளம்பி வந்துவிட்டாள். இதற்காக அவளைக் கோபிக்கக் கூடாது. கீழே எதிர்த் தரப்பு அதிகாரி, ஒப்பந்தத்தில் 'உடனடியாக' என்ற சொல் தேவையா என்பதைப் பற்றி அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். மேலே மாடத்திலிருந்து என் பேத்தி வீறிட்டாள் பாருங்கள்! கண்ணாடி அறைக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளர்கள் திருதிருவென்று விழித்தார்கள். பேசியவருக்கு விட்ட இடம் தெரியவில்லை. தலைவர் சுத்தியலைத் தட்டித் தேநீர் இடைவேளை என்றார். இந்தக் கூட்டத்தில் இரு தரப்பும் ஒருமனதாக ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

நான் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். தாழ்வாரத்தில் மகள் குழந்தையை நீட்ட, பேத்தி என் கழுத்து அடையாள அட்டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தினாள். என் தோளில்தான் நிறுத்தினாள், கவனிக்கவும். அந்தப் பக்கம் வந்த தூதர் நின்றார்.

"யாருய்யா இந்தப் பிரதிநிதி?"

"என் பேத்தி சார்."

"நம்ம பக்கம் பேசினதுலயே இதுதான்யா எடுபட்டிருக்கு!"

மூக்கும் நெற்றியும் எங்கள் குடும்பம் என்பதை நேரில் உறுதி செய்துகொண்டேன். காது மட்டும் தங்களுடையது. பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுக்கிறேன். இன்று கூட்டம் முடிகிறது. இனி தங்கள் அளவுகோலை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பரண்மேல் வைத்துவிடலாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். பேத்திக்கு முத்தம் நேரிலேயே கொடுத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
கோட்டுக்குள் நின்றே வென்ற தங்கள் சம்பந்தி

பி.கு.: தபாலில் சேர்க்கச் சொல்லி இந்த உறையை எங்கள் குழுவின் பயண அதிகாரியிடம் கொடுத்தேன். முகவரியைப் பார்த்துவிட்டு அவர், "இது கோட்டுக்கு ரொம்ப உள்ள இருக்கே சார், ஒரு நாள்கூடவா போகலை?" என்கிறார். மகளிடம் விசாரித்ததில், தாங்கள் மண்டபத்திலிருந்து அளக்கவில்லை, விமான நிலையத்திலிருந்து அளந்திருக்கிறீர்கள். போகட்டும். பேத்தி நிறுத்திய பேச்சை எதிர்த் தரப்பு அதிகாரி முதலிலிருந்து தொடங்கப் போகிறாராம். கூட்டம் நீள்கிறது, கூடவே என் விசாவும். ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்று இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். தபால் செலவு எதற்கு, கடிதத்தை நானே கொண்டுவருகிறேன்.