டிகிரி அண்ணனும் எங்கள் வீட்டு டிஷ்ஷும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிவியை, யாரும் கேட்காமலே, வெறும் அக்கறையினாலேயே நிறுத்தக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் புதுக்கோட்டையில், அதுவும் எங்கள் தெருவில், என் வீட்டுக்கு நேர் எதிரே குடியிருப்பது என் ஜாதக விசேஷம்.

அவருக்குப் பெயர் டிகிரி அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்துதான் ஆக வேண்டும், கேட்டவர் யாருமில்லை. தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அவரைப் பெரிய படிப்பாளி என்று நினைத்து, பிள்ளைகளை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று யோசனை கேட்பார்கள். அவரும் கூசாமல் சொல்வார். சிலர் காபிக் கடை வைத்திருக்கிறார் என்று எண்ணி, டம்ளரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் அவர் மாவு மில் முதலாளி. எந்த வீட்டு மாடியில் டிஷ் ஆன்டெனாவைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, “ஒரு டிகிரி தள்ளியிருக்கு” என்பார். அதனால் டிகிரி.

மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லாத டிஷ் ஒன்றை நான் வாங்கி வந்தேன். மாட்டிக் கொடுக்கக் கடையிலிருந்து ஆள் வர வேண்டும். “நாளைக்கு வாரேன் சார்” என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. டிஷ் வாசலில் சாய்ந்து கிடந்ததை எதிர்வீட்டுக் கண் பார்த்துவிட்டது.

“என்ன சார், வானத்தைப் பாக்க வேண்டிய சாமான வாசப்படிய பாக்க வச்சிருக்கீங்க?”

“கடையிலேருந்து ஆள் வரணும்ணே.”

“ஆளா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

நான் வாய் திறப்பதற்குள் அவர் டிஷ்ஷோடு மாடியில் இருந்தார். மில்லிலிருந்து நேராக வந்தவர், புருவமெல்லாம் மிளகாய்த்தூள். அவர் தும்ம, நான் தும்ம, பின்னாலேயே வந்த என் மனைவி மல்லிகா தும்ம, பூஜை அமோகமாகத் தொடங்கியது.

“ஆவுடையார்கோவில் எங்கிட்டு இருக்கு? அங்கிட்டுத் திருப்பிக் கொஞ்சம் அண்ணாந்து பாக்கவிடணும். அம்புட்டுதான் சார் வித்தை!”

டிவியில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று ஸ்ட்ரெங்த், மற்றது குவாலிட்டி. இரண்டாவது கோடு ஏறினால்தான் படம். அவர் மாடியில் டிஷ்ஷைத் திருப்ப, நான் டிவி முன்னால் கோட்டைப் பார்க்க, மல்லிகா மாடிப்படியில் நின்று செய்தி கடத்தினாள்.

“வருதா?”

“வருதான்னு கேக்குறாகங்க!”

“வரலை!”

“வரலையாம்ணே!”

காலை டிபன் நேரத்தில் ஆரம்பித்த இந்தப் பாராயணம் சாப்பாட்டு நேரம்வரை நடந்தது. திடீரென்று, “வந்துருச்சு! வந்துருச்சு!” என்று ஒரு குரல். டிகிரி அண்ணன் எல்லா போல்ட்டுகளையும் முறுக்கி இறுக்கிவிட்டு, வெற்றி வீரராக இறங்கி வந்தார். டிவி கன்னங்கரேலென்று இருந்தது.

“இப்பத்தான வந்துருச்சுன்னீங்க?”

“நான் வாயே தொறக்கலைண்ணே.”

வாசலுக்கு ஓடினோம். பக்கத்து வீட்டம்மா குடத்தோடு குழாயடியில் நின்றார். வந்தது முனிசிபாலிட்டித் தண்ணீர்.

“ஏம்மா, தண்ணி வந்தா தண்ணி வந்துருச்சுன்னு முழுசாச் சொல்லப்படாதா?” என்று டிகிரி அண்ணன் சண்டைக்குப் போய்விட்டார். தண்ணீரே வாராவாரம் வராத தெருவில் அந்தம்மா சும்மா இருப்பாரா? அந்தச் சண்டையில் அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு குடம்கூடக் கிடைக்கவில்லை.

மறுபடி மாடிக்கு ஏறினோம். எனக்குத் திசை கொஞ்சம் தெரியும்; ஆவுடையார்கோவில் தென்கிழக்கே, டிஷ்ஷோ நேர் எதிர்ப்பக்கம். “அண்ணே, இது சித்தன்னவாசல் பக்கமால்ல பாத்துக்கிட்டு இருக்கு?”

“அங்கிட்டும் படம் இருக்குண்ணே. ஆனா குகைக்குள்ளல்ல இருக்கு” என்றாள் மல்லிகா.

சாயங்காலம் எப்படியோ படம் வந்தது. தெளிவான படம். அவரைத் தெய்வமாக நினைத்து வடையும் காபியும் கொடுத்தேன். அங்கேதான் சனியன் பிடித்தது. தான் வைத்த டிஷ்ஷை அவரால் சும்மா விட முடியவில்லை.

மில்லில் கூட்டம் ஓய்ந்தால் எங்கள் மாடியில் சத்தம் கேட்கும். “நல்லாத்தான் சார் இருக்கு. இன்னும் நல்லாக்குறேன்.” அவர் நல்லாக்கிய ஒவ்வொரு முறையும் ஒரு சேனல் குறைந்தது. தமிழெல்லாம் போய், ஒரு வாரம் வட இந்தியப் பாஷைப் படம் மட்டும் வந்தது. எங்கள் யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவன் இந்தப் புள்ளைக்குக் கூடப்பொறந்தவன் ஆத்தா, அவனுக்கே தெரியாது” என்று மல்லிகாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த காட்சியில் அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது.

மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். அவர் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தாண்டி வந்தார். தண்ணீர்ச் சண்டை போட்ட அந்தம்மாவே ஸ்டூல் கொடுத்திருக்கிறார். இந்தத் தெருவை நம்பி எப்படிக் குடியிருப்பது?

இந்த லட்சணத்தில்தான் மல்லிகா டிவியில் வரும் நாள் வந்தது. அரசு சேனலில் ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டு, அவர்கள் கூப்பிட, போய் முருங்கைக்கீரை அடை செய்து காட்டிவிட்டு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பு. அறந்தாங்கியிலிருந்து அவள் அண்ணன் குடும்பத்தோடு வந்து நடுஹாலில் உட்கார்ந்துவிட்டார். கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்த அந்த மச்சான்தான், செய்தியைக் கேட்டதும், “அடுப்படியில நிக்கிறது பத்தாதா? டிவியில வேற போய் நிக்கணுமா?” என்று போனில் சிரித்தவர். அன்று ராத்திரி மல்லிகா வைத்த சாப்பாட்டில் உப்பே இல்லை.

இந்த டிஷ்ஷை நம்பாமல், அப்புறம் போனில் பார்த்துக்கொண்டால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். “போன்லயா? எங்க வீட்டுப் பூனைகூடத்தான் போன்ல வருது” என்றார் மச்சான்.

நிகழ்ச்சி தொடங்கும் நேரம். எல்லார் கையிலும் காபி. டிவி சட்டென்று இருண்டு, ‘சிக்னல் இல்லை’ என்றது.

மச்சான் மெதுவாகச் சிரித்தார். மல்லிகா என்னைப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. படிகளை எப்படிக் கடந்தேன் என்றே தெரியாது. மாடியில், கையில் ஸ்பானரோடு டிகிரி அண்ணன்.

“தங்கச்சி மொகம் தெளிவாத் தெரியட்டுமேன்னு ஒரு டிகிரி… மரை கழண்டுருச்சு சார். போல்ட் நிக்க மாட்டேங்குது.”

எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளெல்லாம் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. அதற்குள் அவர் ஸ்பானரை எறிந்துவிட்டு, டிஷ்ஷை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தென்கிழக்கே திருப்பி நின்றார். “நீங்க போங்க சார். நான் பிடிச்சுக்குறேன்.”

கீழே இருந்து, “வந்துருச்சுங்க!” என்று மல்லிகாவின் அலறல். இந்த முறை தண்ணீர் இல்லை.

ஓடிவந்து பார்த்தால், திரையில் மல்லிகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம் நன்றாகப் போனது. பிறகு அவள் முகம் சதுரம் சதுரமாக உடைந்து மூக்கு காதுப் பக்கம் போனது.

“இது என்ன, மொகமா கோலமா?” என்றார் மச்சான்.

நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். “அண்ணே, ஆடாதீங்க!”

“எறும்பு கடிக்குது சார்!”

“கடிக்கட்டும்!”

மூக்கு இருந்த இடத்துக்குத் திரும்பியது. அதன்பிறகு படம் அசையவே இல்லை. அடை பொன்னிறமாகத் திரும்பியது. நிகழ்ச்சி நடத்திய பெண் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் காபியை ஆறவிட்டுவிட்டு, போனை எடுத்து டிவியைப் படம் பிடித்து, கல்ஃபில் இருக்கிற கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார். “என் தங்கச்சிடா! கூடப்பொறந்த தங்கச்சி!”

மல்லிகா அந்தப் பெருமையைக் கேட்க நிற்கவில்லை. ஒரு சொம்பு மோரோடு மாடிக்கு ஓடினாள். தொண்டையில் நின்ற வார்த்தைகளோடு நானும் பின்னால் போனேன்.

பங்குனி வெயிலில் சட்டையெல்லாம் நனைந்து, முகம் செம்பாகச் சிவந்து, அவர் இன்னும் டிஷ்ஷைப் பிடித்தபடியே நின்றார்.

“முடிஞ்சுருச்சாத்தா? இல்ல விளம்பரமா? விளம்பரம்னா சொல்லு, விட்டுறப் போறேன்.”

“முடிஞ்சுருச்சுண்ணே. விடுங்க.”

விட்டார். மடங்கிய கைகள் நீளவில்லை. சொம்பை வாங்க விரல்களும் விரியவில்லை. நான்தான் வாங்கி அவர் வாயில் பிடித்தேன். குடித்து முடித்ததும் மல்லிகாவிடம் கேட்டார்: “என்ன சேலை கட்டியிருந்தேத்தா?”

“மயில்கழுத்துக் கலருண்ணே.”

“நல்லா இருந்திருக்கும்” என்றார்.

நான் திட்டவில்லை. மறுநாள் வெளியிலிருந்து ஆள் வரவழைத்து, புது போல்ட் போட்டு, இனி பூகம்பம் வந்தாலும் அசையாதபடி இறுக்கச் சொன்னேன்.

போன மாதம் அவர் கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டுக்குப் போனார். டிவி தடங்கலே இல்லாமல் ஓடியது. எல்லா சேனல்களும் வந்தன. ஒரு மத்தியானம் மல்லிகா பாதி நிகழ்ச்சியில் அதை அணைத்துவிட்டு, “அந்தண்ணன் எப்பங்க வருவாக?” என்றாள்.

அன்று காலையில்தான் நான் அவருக்குப் போன் போட்டு அதையே கேட்டிருந்தேன்.