எந்த அதே?

சிவகாசியில் என்ன வேண்டுமானாலும் வெடிக்கும். ஆனால் காலண்டர் வெடித்த ஒரே அச்சாபீஸ் எங்களுடையதுதான். அந்தத் திரியைப் பற்றவைத்தவள் நான்.

அப்பாவும் சித்தப்பாவும் திருத்தங்கல் ரோட்டில் அச்சாபீஸ் நடத்துகிறார்கள். தொழில் தினசரி காலண்டர். சாமி படம், அதன்கீழ் கடைப் பெயர், தினம் ஒன்றாகக் கிழிக்கிற தாள். அப்பா மெஷின்களைப் பார்த்துக்கொள்வார். சித்தப்பா போனைப் பார்த்துக்கொள்வார். (பார்த்துக்கொள்வார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போன்தான் அவரைப் பார்த்துக்கொண்டது. சாப்பிடும்போதும் அது காதிலேயே இருக்கும்.)

நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று சொல்வேன். தமிழில் சொன்னால், வேலை செய்கிறவர்களிடம் போய் "முடிஞ்சிருச்சா?" என்று கேட்பது. அதற்கு ஒரு கழுத்துப்பட்டையும் அடையாள அட்டையும் கொடுத்திருந்தார்கள். அந்த அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்கு வந்து, "அச்சாபீஸை நான் நடத்துறேம்ப்பா" என்றேன்.

உண்மையிலேயே ஆசைப்பட்டேன். மை வாசனை எனக்குப் பிடிக்கும். மெஷின் ஓடும் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரும். சென்னையில் ஏசி சத்தத்தில் வரவில்லை.

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்த சீசனை ஒன் கம்ப்யூட்டரை வச்சு ஓட்டிக் காட்டு, பாப்பா. ஒழுங்கா ஓடுச்சுன்னா அச்சாபீஸ் ஒனக்கு. ஓடலேன்னா மறுபடி மெட்ராஸ் பஸ்ல ஏறிரு."

என் தோழி ஒருத்தி சென்னையில் உட்கார்ந்து சாப்ட்வேர் எழுதினாள். எப்படி வேண்டும் என்று நான் சொன்னேன். எப்படி வேண்டும் என்று சித்தப்பாவிடம் நான் கேட்டேனா? கேட்கவில்லை. அவரிடம் கேட்டால் பழைய மாதிரியே சொல்வார், பழையதை ஒழிக்கத்தானே நான் வந்திருக்கிறேன்!

ஆடிப் பதினெட்டு அன்று, கடைக்காரர்களுக்குக் காட்டும் புதுக் காலண்டர் மாதிரி ஆல்பத்துக்குப் பூஜை போடும்போதே சாப்ட்வேருக்கும் போட்டோம். அப்பா பக்தியாகச் சந்தனம் வைத்தார், சரியாகக் கம்ப்யூட்டரின் கேமரா கண் மேல். அதற்குப் பிறகு சென்னைத் தோழியுடன் பேசிய வீடியோ மீட்டிங் முழுவதும் நாங்கள் மஞ்சள் மூட்டத்துக்குள் இருந்துதான் பேசினோம்.

ஊழியர்களைக் கூட்டி வைத்து, வடையும் டீயும் கொடுத்து, ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "இனிமே ஆர்டரை நேரா கம்ப்யூட்டர்ல ஏத்துவோம். கம்ப்யூட்டரே அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பிரும். நடுவுல மனுசக் கையே படாது. கம்ப்யூட்டர் சொன்னதுக்கு மேல யாரும் எதுவும் கேக்கக் கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. (வடை நன்றாக இருந்தது என்று தலையாட்டியிருக்கிறார்கள். பிறகுதான் தெரிந்தது.)

அதே கையோடு புரூஃப் பார்ப்பதையும் ஒழித்தேன். அச்சடிக்கும் முன் மாதிரி ஒன்று எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகு அடிப்பது எங்கள் வழக்கம். அதில் நேரம் வீணாகிறது என்று நான் கண்டுபிடித்தேன். கழுத்துப்பட்டை போனாலும் புத்தி போகவில்லை.

சாப்ட்வேரில் கடை பெயர், தொழில், விலாசம், உரிமையாளர், சாமி படம் என்று கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். கட்டத்தை நிரப்பாவிட்டால் அது கூச்சல் போடும், ஆர்டரை ஏற்காது. இந்த நட்சத்திரங்களுக்காக நான் தோழியிடம் சண்டை போட்டிருந்தேன். ஒரு தகவல்கூட விடுபடக் கூடாது பாருங்கள்!

"என்ன பாப்பா, எல்லா நட்சத்திரமும் நம்ம மேல கோவமா இருக்கு?" என்றார் சித்தப்பா.

"கட்டத்துல எதாவது போட்டா போயிரும் சித்தப்பா."

அந்த 'எதாவது' என்ற வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சீசன் சூடு பிடித்தது. கம்ப்யூட்டரில் வட்டப் படம் ஒன்று வரும்படி செய்திருந்தேன். எந்தக் கம்பெனி எவ்வளவு ஆர்டர் கொடுத்திருக்கிறது என்று கலர் கலராகக் காட்டும். ஒருநாள் அதில் ஒரே ஒரு பச்சைத் துண்டு முக்கால் வட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பெயர்: அதே.

வடநாட்டுக் கம்பெனியாக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். மும்பைப் பக்கம் இப்படிப் பெயர் வைப்பார்கள். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நம்ம பெரிய பார்ட்டி இவங்கதாம்ப்பா. அதே கம்பெனி."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அம்புட்டும் ஒரே பார்ட்டியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே. நேர்ல போயி ஒரு சால்வை போத்திட்டு வந்துருவோமா?"

"போவோம்ப்பா" என்றேன். விலாசம் பார்த்தேன். விலாசம்: அதே. என் மூளை அப்போதும் விழிக்கவில்லை. அதே பெயரில் ஒரு தெரு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சாத்தூரிலிருந்து ஒரு அரிசிக்கடை அண்ணாச்சி போன் செய்தார். எங்களிடம் வருஷா வருஷம் காலண்டர் அடிப்பவர். சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, எங்கடைக்கு என்ன பேரு?"

"என்ன அண்ணாச்சி இப்பிடிக் கேக்கீக? ஒங்க கடை பேரு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? சொல்லுங்க பாப்போம்."

சித்தப்பா பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோல் கணீரென்று சொன்னார். கடை பெயர், தெரு, அண்ணாச்சியின் பெயர், அவருடைய அப்பா பெயர் எல்லாம்.

"எல்லாஞ் சரியாத்தான சொல்லுதீக! அப்ப காலண்டர்ல மட்டும் ஏன் 'அதே'ன்னு போட்ருக்கு? பேரு அதே. தொழில் அதே. உரிமையாளர் அதே. எம் பொண்டாட்டி கேக்கா, இந்த அதே யாருன்னு!"

கட்டுகள் வைத்திருந்த மூலைக்கு ஓடினேன். ஒரு காலண்டரை உருவினேன். தும்பிக்கையை வளைத்துக்கொண்டு பிள்ளையார் சிரித்தார். அவருக்குக் கீழே தங்க நிறத்தில், கொட்டை எழுத்தில், 'அதே'. அடுத்த கட்டிலும் பிள்ளையார், அதே. அதற்கடுத்த கட்டிலும் அதே பிள்ளையார், அதே அதே. (சாமி படக் கட்டத்திலும் 'அதே' என்று இருந்ததால், கம்ப்யூட்டர் குழம்பிப்போய் ஆல்பத்தில் முதலில் இருந்த படத்தை எல்லோருக்கும் போட்டுவிட்டது.)

விஷயம் இவ்வளவுதான். எங்கள் ஊர் வியாபாரத்தில் யாரும் முழு ஆர்டர் சொல்வதில்லை. "போன வருஷம் அடிச்சீகள்ல, எல்லாம் அதே" என்பார்கள், போனை வைத்துவிடுவார்கள். சித்தப்பா அதைக் கேட்டபடியே கட்டத்தில் போட்டிருக்கிறார். ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை. நட்சத்திரங்கள் எல்லாம் திருப்தியாக அணைந்திருக்கின்றன.

மெஷின் ஓட்டுகிற முருகேசன் அண்ணனிடம் பாய்ந்தேன். "ஏண்ணே, அத்தனை ஆர்டர்லயும் அதேன்னு வருதே, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நீங்கதான பாப்பா சொன்னீக, கம்ப்யூட்டர் சொன்னதுக்கு மேல கேக்கக் கூடாதுன்னு. நானும் நெனச்சேன், பெரிய கம்பெனி போல, ஊரூருக்கு பிராஞ்ச் தெறந்திருக்காகன்னு. எம் மச்சினனுக்கு அங்கன ஒரு வேலை கேக்கலாம்னு இருந்தேன்."

"எங்க போயிருக்கு லோடு?" என்று அலறினேன்.

"எல்லாம் சரியாப் போயிருச்சு" என்றார் சித்தப்பா. பார்சல் மேல் விலாசம் எழுதுவது மட்டும் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. ஆகவே அந்தத் தப்பு ஒன்றுகூட வழி தவறாமல் சரியான கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்பா சுவரில் தொங்கிய எங்கள் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, ராசி பலனைப் படித்தார். என் ராசிக்கு 'பயணம்' என்று போட்டிருந்தது. தாளை மடித்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டே தோழிக்குப் போன் செய்தேன். "பேட்ச் ஒண்ணு போட்டுக் கொடுத்துர்றேன், ரெண்டு நாள்ல ரெடி" என்றாள். (சாப்ட்வேரில் விழுந்த ஓட்டையை அடைக்கும் சின்ன சாப்ட்வேருக்கு அந்தப் பெயர்.) நான் போனை வைத்ததும், கேட்டுக்கொண்டிருந்த சித்தி சொன்னாள்: "பேட்ச் போடணும்னா நம்மகிட்டயே ஸ்டிக்கர் பேப்பர் கெடக்கே. பேரை அடிச்சு மேல ஒட்டிவிட வேண்டியதுதான?"

முதலில் மெஷினை நிறுத்தினேன். பிறகு நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கடைக்கும் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னோம். நான் முதல் போனில் "ஒரு தொழில்நுட்பக் கோளாறு" என்று ஆரம்பித்தேன். சித்தப்பா என் கையிலிருந்து போனைப் பறித்து, "அண்ணாச்சி, எங்க புத்தி பெசகிப்போச்சு, மன்னிச்சுக்கோங்க" என்றார். அந்தப் பக்கம் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நானும் புத்தி பிசகியதாகவே சொன்னேன். நல்லபடியாக வேலை செய்தது.

பெயர்களைத் திரும்பக் கேட்டு, புரூஃப் அனுப்பி, சரி வாங்கி, ஸ்டிக்கர் அடித்தோம். கைவசம் இருந்த கட்டுகளுக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒட்டினோம். டிவி பார்த்துக்கொண்டே ஒட்டியதில் அம்மா ஒரு கட்டு முழுக்கப் பிள்ளையார் முகத்தில் நகைக்கடை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். வெளியூர்க் கடைகளுக்கு சித்தப்பாவும் நானும் பஸ்ஸில் ஸ்டிக்கரோடு போனோம்.

சாத்தூர் அரிசிக்கடை அண்ணாச்சி மட்டும் ஸ்டிக்கரை வாங்க மறுத்துவிட்டார். "ஒட்ட வேண்டாம் பாப்பா. ஊருல எம்புட்டோ பேரு காலண்டர் கொடுத்திருக்காக, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. எங்கடைக்கு ஆள் தேடி வருது, 'அதே காலண்டர் இருக்கா'ன்னு."

அதன்பின் ஒரு வாரம் நான் வாயே திறக்காமல் சித்தப்பாவின் போன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. கேட்கக் கேட்கத்தான் எங்கள் வியாபாரமே இரண்டு வார்த்தையில் ஓடுகிறது என்று புரிந்தது. ஒன்று 'அதே'. இன்னொன்று 'ஆனா'. "எல்லாம் அதே, ஆனா போன் நம்பர் மாறிப்போச்சு." "எல்லாம் அதே, ஆனா தம்பி தனியாப் போயிட்டான், அவன் பேரை எடுத்துருங்க."

நட்சத்திரங்களை எல்லாம் பிடுங்கி எறிந்தோம். அவற்றுக்குப் பதிலாக இரண்டே பட்டன்கள். 'அதே' பட்டனை அழுத்தினால் போன வருஷக் காலண்டர் அப்படியே திரையில் வரும். 'ஆனா' பட்டனை அழுத்தினால் மாற வேண்டியதை மட்டும் மாற்றலாம். எதுவானாலும் கடைசியில் புரூஃப் தானாக வாடிக்கையாளரின் வாட்ஸப்புக்குப் போய்விடும். அவர் சரி என்று சொல்லாமல் மெஷின் ஓடாது. சித்தப்பா ஒருநாள் அதை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "இதத்தான நான் மொதல்லயே சொன்னேன்" என்றார். அவர் எங்கே சொன்னார்!

சீசன் முடிந்தது. அப்பா பஸ்ஸைப் பற்றிப் பேசவும் இல்லை, அச்சாபீஸைப் பற்றிப் பேசவும் இல்லை. என் பெட்டி பாதி கட்டியபடியே கிடந்தது. அடுத்த ஆடிப் பதினெட்டு வந்தது. பூஜை முடிந்து கற்பூரம் அணைவதற்குள் போன் அடித்தது. சாத்தூர் அண்ணாச்சி.

"எல்லாம் அதே பாப்பா" என்றார்.

பட்டனை அழுத்தினேன். திரையில் பிள்ளையார் வந்தார். கீழே: அதே.

"அண்ணாச்சி, எந்த அதே?"

"அந்த அதேதான்!" என்றார். ஸ்பீக்கரில் அவர் சிரித்த சிரிப்பில் ஆபீஸே சிரித்தது. சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டுவிடலாம் என்று, "அப்பா, இந்த சீசனுக்கு அச்சாபீஸை யாருப்பா பாக்குறது?" என்றேன். அப்பா விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினார்.

"அதே" என்றார்.

அன்றைக்கே பெட்டியை அவிழ்த்துவிட்டேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகையை எங்கள் அச்சாபீஸிலேயே அடித்தோம். சித்தப்பா ஒரு விளையாட்டுக்கு மணமகன் பெயர்க் கட்டத்தில் 'அதே' என்று போட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். புரூஃப் தானாக வாட்ஸப்புக்குப் போகும் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அதில் கொடுத்திருந்த நம்பர் மாப்பிள்ளையின் அத்தையுடையது.

அவர் உடனே போன் செய்தார். "பத்திரிகை நல்லாருக்கு தாயி. மாப்பிள்ளை பேரு அதேன்னு போட்ருக்கே... அப்ப போன வருஷம் யாரு?"

என் வீட்டுக்காரருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, அவருடைய தாத்தா வைத்தது. எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியாது. பெட்டிக்கடையிலிருந்து கோயில் பூசாரி வரை அவர் அதே மாப்பிள்ளைதான்.