கிணற்றுப் பொலிசும் ஐந்து அடியும்

முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கந்தோர்களில் கதிரை தேய்த்தவன் நான். அத்தனை வருடத்திலும் ஒரு சட்டத்தை ஆள் பார்க்காமல், நாள் பார்க்காமல், ஒரு தடவைகூடத் தளர்த்தாமல் நிறைவேற்றிய ஒரே ஒரு மனிதரைத்தான் கண்டிருக்கிறேன். அவர் அரசாங்க ஊழியர் அல்லர். சட்டமும் அவரே போட்டதுதான். புங்குடுதீவில் ஒரு குறிச்சியின் நல்ல தண்ணீர்க் கிணற்றைக் காவல் காத்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் பிறப்புப் பதிவில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் கிணற்றுப் பொலிஸ்.

தீவுகளில் கிணறுகளுக்குக் குறைவில்லை. குடிக்கத் தக்கவைதான் மிகச் சில. அந்தக் குறிச்சி முழுவதற்கும் ஒன்றே ஒன்று. பொலிசின் சட்டப்படி வீட்டுக்கு இரண்டு குடம். இரும்பு வாளி ஆழத்துக்குப் போய்க் கலக்கும் என்பதால் பனையோலையில் மடித்த பட்டை மட்டும். மத்தியானம் கிணறு படுக்கும் நேரம். ஒருவரும் கிட்டப் போகக் கூடாது. காலையில் யாரோடும் பேசுமுன் அவர் வந்து, உள்ளங்கையில் ஒரு சிரங்கைத் தண்ணீரை ஏந்தி வாயில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். குடங்களோடு நிற்கும் பெண்கள் சோதனை முடிவுக்குக் காத்திருப்பவர்கள்போல அவர் முகத்தையே பார்ப்பார்கள். விழுங்கித் தலையாட்டினால் அள்ளலாம். உப்புத் தட்டினால் கம்பத்தில் சிவப்புத் துணி ஏறும். அன்று முழுவதும் தடை. மேன்முறையீடு கிடையாது.

நாட்டின் தெற்கில் கடை வைத்திருந்த ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்றைக் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கினார். மிசின் குழாயின் மேல் பொலிஸ் ஏறி உட்கார்ந்துகொண்டார். மிசின் இருமியது, புகைத்தது, நின்றது.

"உமக்கு என்ன விசரே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஓம். விசருக்கு மருந்து கிடக்கு. உப்பாய்ப் போன கிணத்துக்கு இல்லை."

இதில் தன் வீடு, பிறர் வீடு என்ற வேறுபாடு இல்லை. அவருடைய தாய் இறந்தபோது குளிப்பாட்ட நல்ல தண்ணீர் எடுக்க வந்த உறவினரை வெறுங்குடத்தோடு திருப்பி அனுப்பினார். பக்கத்து உப்புக் கிணற்றில்தான் அம்மாவுக்குக் கடைசி முழுக்கு. "அவ இனிக் குடிக்கப் போறேல்லை" என்றாராம். சொல்லிவிட்டு அந்தக் கிணற்றடியிலேயே வெகுநேரம் நின்றாராம். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சொன்னதைத்தான் தீவு முழுவதும் பேசினார்கள்.

ஒவ்வோர் ஆவணியிலும் குறிச்சி கூடிக் கிணறு இறைப்பார்கள். பாசியும் சேறும் எடுத்து, கிணற்றடியில் பொங்கிப் படைப்பார்கள். முழங்காலளவு தண்ணீரை விட்டுவிட வேண்டும், அடியைச் சுரண்டக் கூடாது என்பது அன்றைய விதி. அதையும் மேற்பார்வை செய்தவர் பொலிஸ்தான்.

ஒரு வருடம் கிராமச் சங்கத்தாருக்கு இந்த நாளை 'நீர்வளப் பாதுகாப்பு விழா'வாக நடத்தும் எண்ணம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய உத்தியோகத்தர் ஒருவரை அழைத்தார்கள். பெரியவர் வந்தால் எதையாவது திறந்து வைக்க வேண்டும். ஏற்கெனவே திறந்து கிடக்கும் கிணற்றை எப்படித் திறப்பது? திருத்தினால் திறக்கலாம். திருத்தத்துக்கான விண்ணப்பம் எங்கள் கந்தோருக்கு வந்தது. நான் அங்கே பிரதம இலிகிதர்.

படிவத்தில் 'ஆழப்படுத்த வேண்டிய அடி' என்று ஒரு கட்டம் உண்டு. வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வரும். பூச்சியம் போட்டால் திருத்தமே தேவையில்லை என்று பொருள். நான் ஐந்து என்று எழுதினேன். ஏன் ஐந்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டத்துக்குள் அழகாக அடங்கியது.

செய்தி அறிந்து பொலிஸ் கந்தோருக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"பாலிலை ஆடை கிடக்கிற மாதிரி ஐயா. நல்ல தண்ணி மேலை, உப்புத் தண்ணி கீழை. குத்தி உடைச்சுப்போட்டுப் பிறகு ஆடையைத் தேட ஏலாது."

ஆட்சேபனையை மூன்று பிரதிகளில், சங்கத் தலைவர் ஊடாகச் சமர்ப்பிக்கும்படி சொன்னேன். ஒரு வாரத்தில் மூன்று பிரதிகளையும் தம் கையாலேயே எழுதிக் கொண்டுவந்தார். மூன்றிலும் திகதி முத்திரை குத்திவிட்டு, ஆட்சேபனைக் காலம் முந்திய நாளே முடிந்துவிட்டது என்று விளக்கினேன். அந்த விதி உண்மையானது. அவர் முதலில் வந்தபோதே அதைச் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை.

விழாவன்று தோரணம், நாதஸ்வரம், பெயர்கள் வெட்டிய கல், எல்லாம் தயார். காலையில் பாறை உடைக்கும் அலவாங்கோடு கூலியாட்கள் வந்து எட்டிப் பார்த்தால், இறைத்துவிட்ட கிணற்றின் அடியில், முழங்கால் தண்ணீரில் பொலிஸ் உட்கார்ந்திருக்கிறார். 'எழும்பி வாரும்' என்று தலைவர் கத்தினார். அவருடைய அக்காமார் கெஞ்சினார்கள். நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனை வாசித்துப் பார்த்தார். கடைசியில் என்னை அழைத்தார்கள்.

நான் கிணற்றுக் கட்டில் குனிந்து, அரசாங்க வேலைக்கு இடையூறு செய்வது பற்றிய சட்டப் பிரிவை வாசித்தேன். கீழே அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வாசிச்சு முடிஞ்சுதோ ஐயா? தண்ணி உப்பானால் ஆர் பொறுப்பெண்டு உதிலை எழுதிக் கிடக்கோ?"

பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

அதுவரை அவரோடு 'நீர்' என்றே பேசி வந்தவன், அன்று குரலைத் தணித்து, "மேலை வாங்கோ அண்ணை. நான் நிற்பாட்டுவிக்கிறன்" என்றேன்.

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"ஐயா சொன்னால் சரி."

கயிற்றைப் பிடித்து ஏறி வந்தார். நான் தலைவரிடம் போய்ச் சொன்னேன். பெரியவரின் கார் பாலத்தடிக்கு வந்துவிட்டதாம் என்றார் அவர். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஒரு வேலையை நிறுத்தும் நடைமுறை எனக்குத் தெரியும். அந்த வேலைக்கான கோவையின் தாளில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டால் போதும். கோவை கையில் இருந்தது. பேனை சட்டைப்பையில் இருந்தது.

கூலியாட்கள் இறங்கி அடிப்பாறையை உடைத்ததும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவர் நீரின் அருமை பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, களைப்புக்குச் சோடா குடித்தார். உடுத்திருந்த ஈரச் சாரத்தோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பொலிஸ் கை தட்டவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை.

ஐந்தாம் நாள் கம்பத்தில் சிவப்புத் துணி ஏறியது. பிறகு இறங்கவே இல்லை. பெண்கள் குடங்களோடு இரண்டு கட்டை தூரம் நடந்தார்கள். தண்ணீர்ப் பவுசர் வந்தது, பிறகு வராமல் விட்டது. அடுத்தடுத்த கோடைகளில் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. பெயர் வெட்டிய கல் மட்டும் நன்றாக இருந்தது. விழா வெற்றிகரமாக நடந்தேறியது என்ற அறிக்கையை எழுதியவனும் நான்தான்.

பொலிஸ் பதவி விலகவில்லை. காவல் காக்க ஒன்றும் மிஞ்சாத கிணற்றுக்குத் தினமும் காலையில் வந்து, அந்த உப்புத் தண்ணீரில் ஒரு சிரங்கை குடித்தார். பிரஷருக்கு உப்பை விடும்படி டொக்டர் சொல்லியும் நிறுத்தவில்லை. நான் சைக்கிளில் அவ்வழியே போகும் நாட்களில் கையைக் காட்டி மறிப்பார். இன்றைக்காவது திட்டுவார் என்று இறங்கி நிற்பேன்.

"இண்டைக்குக் கொஞ்சம் குறைவு, ஐயா" என்பார்.

அது ஒருநாளும் குறைந்ததில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் இடமாற்றம் பெற்றுப் போகும்வரை அதையேதான் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் இறந்த செய்தி எனக்குக் கிடைத்தது. அடுத்த நாளே பஸ் ஏறினேன். குறிச்சியில் பேசுவதற்கும் அதிகம் பேர் இல்லை. கிணற்றுக் கம்பத்தில் துணி வெளுத்துப்போய்க் கிடந்தது. ஒரு சிரங்கை அள்ளி வாயில் விட்டுக் கண்ணை மூடினேன். தொண்டை எரிந்தது. விழுங்கிவிட்டு, அவர் வழக்கமாக நிற்கும் பக்கமாகத் திரும்பினேன்.

"இண்டைக்குக் கொஞ்சம் குறைவு, அண்ணை."