கொக்கி மாட்டாத பேண்ட்

பூனாவில், சாங்வியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் கல்யாணசுந்தரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மனைவியின் கண்ணெதிரே ஒரு பழுப்பு நிறப் பேண்ட்டோடு மல்லுக்கு நின்றார். பேண்ட் ஜெயித்தது.

"விட்டுருங்க. பாவம், துணி அது," என்றாள் கனகவல்லி.

"இரு கனகு. இன்னும் கொஞ்சம் மூச்சை இழுத்தா மாட்டிக்கும்."

"மாட்டிக்கும். அப்பறம் மூச்ச விடுவீங்கள்ல? கொக்கி பிச்சுக்கிட்டுப் போயி யாரு கண்ணுல விழும்னு யோசிச்சீங்களா? கீழ ஆளுக நடமாடுறாங்க."

அவர் மூச்சை விட்டார். தொப்பை தன் பழைய இடத்துக்குச் சவுகரியமாக வந்து உட்கார்ந்தது. அத்தோடு அந்த வாரத்து மிசல் போயிற்று.

மிசல் என்றால் கல்யாணசுந்தரத்துக்கு உயிர். கோயம்புத்தூரை விட்டு வந்து இத்தனை வருஷத்தில் பூனா அவருக்குக் கொடுத்த ஒரே சொத்து அதுதான் என்பார். கிண்ணத்தில் முளைகட்டிய பயறு, அதன்மேல் மிக்ஸர், அதற்கும் மேல் செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்கும் குழம்பு, பக்கத்தில் பாவ் என்னும் பன் ரொட்டி. முதல் வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வரும். அடுத்த வாய்க்குக் காதில் புகை வரும். அதற்கடுத்த வாய்க்கு, கல்யாணத்தில் மோதிரம் போடாமல் ஏமாற்றிய மாமனாரைக்கூட மன்னித்துவிடத் தோன்றும். அப்பேர்ப்பட்ட காரம்.

டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னபோது கனகவல்லி கத்தவில்லை, கண்ணைக் கசக்கவில்லை. புருஷனுடைய ஆயுதத்தையே எடுத்துப் புருஷன் மேல் போட்டாள்.

கல்யாணசுந்தரம் சாகணில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கேஜ் என்று ஒரு இரும்புத் துண்டு உண்டு. செய்த உருப்படி அதற்குள் போனால் பாஸ். போகாவிட்டால் குப்பை. சிபாரிசு கிடையாது, கெஞ்சல் கிடையாது. இந்தக் கேஜின் பெருமையைக் கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு நேரம் தவறாமல் அவர் சொல்லி வந்தார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கனகவல்லி, ஒருநாள் அலமாரியிலிருந்து அந்தப் பழுப்புப் பேண்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் ஓய்வு பெற்ற அன்று போட்டுக்கொண்டு போன பேண்ட் அது.

"இதானுங்க உங்க கேஜு. ஞாயித்துக்கெழம காத்தால கொக்கி மாட்டுச்சுன்னா மிசல். மாட்டலீன்னா பாக்ரியும் பாகக்காயும்."

தன் மதத்தையே ஒருவன் எப்படி மறுப்பான்?

அன்றைக்குப் பாக்ரியைப் பாகற்காயோடு மென்றுகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. சோள ரொட்டியைக் கடைவாயில் வைத்து அரைக்க நேரம் பிடிக்கும் அல்லவா, அந்த நேரத்தில்தான் மனிதனுக்கு இப்படியெல்லாம் தோன்றும். உருப்படியைச் சின்னதாக்க மாதக்கணக்காகும். கேஜைப் பெரிசாக்க ஒரு மத்தியானம் போதும்.

தொழிற்சாலையில் இதைவிடப் பெரிய பாவம் வேறில்லை. கேஜை ரகசியமாக ராவிப் பெரிதாக்கிய ஒருவனிடம் அவர் சாகும்வரை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். இப்போது அவனிடம் பேசினால் நாலு யோசனை கிடைக்குமே என்று நினைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு வைஷாலியிடம் தையல் மெஷின் இருந்தது. மராட்டிக்காரி, நல்ல பெண். என்ன, மாமா என்பதற்கு அந்த ஊர் வழக்கப்படி "காகா, காகா" என்று கூப்பிடுவாள். அவள் கூப்பிடும்போதெல்லாம் ஜன்னலில் யாரோ சோறு வைப்பதுபோல் இவருக்கு ஒரு உணர்ச்சி. அவளிடம் பாதி இந்தியிலும் பாதி ஜாடையிலுமாகச் சங்கதியைச் சொன்னார். கனகவல்லியிடம் மூச்சுவிடக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். வைஷாலியும் தன் தொண்டையைக் கிள்ளிச் சத்தியம் செய்தாள்.

மெஷினில் அவரை உட்காரவைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கையாலேயே தைக்கச் சொல்லிக்கொடுத்தாள். பேண்ட்டின் பின்பக்க நடுத் தையலுக்குள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டிருப்பார்கள். இவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் விடுகிறார்கள். இடுப்புப் பட்டியை அந்த இடத்தில் பிரித்து, தையலைப் பிரித்து, ஒரு விரற்கடை தள்ளிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கோட்டின்மேல் தைத்துவிட்டால் முடிந்தது. கேட்டபோது சுலபமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கனகவல்லி பக்கத்தில் ஔந்துக்குப் பஜனைக்குப் போனதும் ஆய்வாளர் பேண்ட்டை எடுத்து உள்வெளியாகத் திருப்பி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மயிரிழை வித்தியாசத்துக்கு லாரி லாரியாகச் சரக்கைத் திருப்பி அனுப்பிய மனிதர். ஊசிக் காதில் நூல் கோக்க முடியவில்லை. நூல் மூக்குக்கண்ணாடிக்குள் போயிற்று, மீசைக்குள் போயிற்று, ஊசிக் காதுக்குள் மட்டும் போகவில்லை. கடைசியில் கோத்துத் தைத்து முடித்தபோது அந்தத் தையல் சாகண் ரோட்டுப் பள்ளங்களைத் தாண்டிப் போகும் பைக்கின் தடம்போல இருந்தது. ஆனால் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை கொக்கி மாட்டியது. கனகவல்லி, "பரவால்லியே," என்று மட்டும் சொன்னாள். அவர் போய் மிசல் சாப்பிட்டார். மாமனாரை மன்னித்தார்.

அடுத்த ஞாயிறு. பேண்ட்டை ஏற்றினார். சிரித்துக்கொண்டே கொக்கியை இழுத்தார். அது வரவில்லை. இன்னும் இழுத்தார். சிரிப்பு நின்றது. ஒரு விரற்கடை பிரித்து விட்ட பேண்ட் எப்படி இறுகும்? ஒரே ஒரு பிளேட் மிசல் ஒரு வாரத்தில் ஒரு மனிதனை இத்தனை ஊதவைக்குமா? கனகவல்லி மறுபேச்சில்லாமல் பாகற்காயை நறுக்கப் போனாள்.

வியாழக்கிழமை மறுபடியும் பிரித்தார். இந்தத் தடவை உள்ளே இருந்த துணி முழுவதையும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மாட்டவில்லை.

இனிப் பிரிக்கத் துணி இல்லை. பழைய தொழிற்சாலைச் சீருடையிலிருந்து முக்கோணமாக ஒரு துண்டு வெட்டிப் பின்னால் ஒட்டுப் போடுவதென்று தீர்மானித்தார். அந்த வியாழக்கிழமை மும்முரமாகத் தைத்துக்கொண்டிருக்கையில் வாசல்மணி அடித்தது. பஜனைப் பாட்டுக்காரம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதால் கனகவல்லி பாதியிலேயே திரும்பிவிட்டாள். இவர் பதறி எழுந்தார். பேண்ட்டும் கூடவே எழுந்தது. பேண்ட்டைத் தைத்த தையல், அதற்கடியில் அவர் கட்டியிருந்த லுங்கியையும் சேர்த்து அழுத்தமாகத் தைத்திருந்தது. பிரிக்க நேரமில்லை. பேண்ட்டைச் சுருட்டி வயிற்றில் அமுக்கி, மேலே ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

"கதவத் தொறக்க இத்தன நேரமுங்களா?"

"தூங்கிட்டேன்."

"தலகாணியக் கட்டிப் புடிச்சுட்டேவா எந்திரிச்சு வருவீங்க?"

"குளிருது கனகு."

"மே மாசத்துலயா?"

"உள்ளுக்குள்ள குளிருது."

அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். உட்காரச் சொல்லி, நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். தலையணையை இறுக்கிப் பிடித்தபடி அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். தலையணைக்குக் கீழே ஒரு பேண்ட் கால் வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஒட்டுப் போட்ட பேண்ட்டும் ஞாயிற்றுக்கிழமை மாட்டவில்லை.

அப்போதுதான் கல்யாணசுந்தரத்துக்கு உண்மையான பயம் வந்தது. இத்தனை துணியையும் விழுங்கிவிட்டு இடுப்பு இன்னும் கேட்கிறதென்றால் இது சாதாரணத் தொப்பை இல்லை. இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள் தன்னை வைத்துக்கொண்டு லிப்ட் கதவு சாத்தாது. கல்யாண வீடுகளில் தனக்கு இரண்டு இலை இடம் ஒதுக்குவார்கள். யோசிக்க யோசிக்க வியர்த்தது.

மனிதர் திருந்தினார். பாக்ரியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாகற்காயைப் பச்சையாகவே கடித்தார். தினமும் ஔந்துப் பாலம்வரை நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேண்ட் மாட்டாது என்று தெரிந்ததும், வீட்டில் முகம் காட்ட வெட்கப்பட்டுக் காலை முழுவதும் நடந்தார். மழைக்காலம் வந்தது. குடை பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரே வந்தவர்கள் இளைத்துவிட்டீர்களே என்றார்கள். சாகப்போகிறவனுக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். கன்னம் ஒட்டியது, கழுத்தெலும்பு துருத்தியது, சொந்தக் காசில் வாங்கிப் போட்டிருந்த மோதிரம் கழன்று சாம்பாரில் விழுந்தது. கொக்கி மட்டும் மாட்டவில்லை.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேண்ட்டை ஏற்றிவிட்டு, அலுத்துப்போய்த் தலையைக் குனிந்தார். குனிந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே தன் பாதங்கள் தெரிந்தன. பத்து விரல்களும் இருந்தன. வேலையில் இருந்த காலத்தில் பார்த்தது. நடுவில் நின்று மறைத்துக்கொண்டிருந்த தொப்பையைக் காணோம்.

பாதங்களைப் பார்த்த கண், மேலே வரும் வழியில் பேண்ட்டின் முன்பக்கத்தைப் பார்த்தது. கொக்கி போய் மாட்டும் வளையத்தைப் பார்த்தது. அங்கேயே நின்றுவிட்டது.

வளையம் அதன் இடத்தில் இல்லை. பட்டியின்மேல் எறும்பு ஊர்வலம் போனதுபோல் பழைய ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. அந்த ஊர்வலத்தின் முடிவில், ஆரம்பித்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, அழகான நெருக்கத் தையலில் வளையம் உட்கார்ந்திருந்தது. அவர் பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பிப் பின்பக்கத்தையே கட்டிக்கொண்டு அழுதாரே தவிர, முன்பக்கத்தை ஒருதரம்கூட ஆய்வு செய்யவில்லை.

"கனகு, இந்த வளையம் நகந்திருக்கு."

"ஆமாங்க."

"யாரு நகத்துனது?"

"நாந்தானுங்க."

அவர் ஆடிப்போனார். மறுப்பவர்களை எப்படி மடக்குவது என்று அவருக்குத் தெரியும். ஒப்புக்கொள்கிறவர்களை என்ன செய்வதென்று தொழிற்சாலையில் சொல்லித்தரவில்லை.

"கேஜுல கைய வெக்கறது எவ்வளவு பெரிய மோசடி தெரியுமா உனக்கு?"

"மொதல்ல வெச்சது யாருங்க?"

அவர் விட்டத்தைப் பார்த்தார்.

"நீங்க பின்னால ஒரு வெரக்கடை உட்டீங்க. நான் முன்னால ரெண்டு வெரக்கடை புடிச்சேன். நீங்க ஒட்டுப் போட்டீங்க. நான் வளையத்தப் பாக்கெட்டு வரைக்கும் கொண்டு போயிட்டேன். அவ்வளவுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பழுப்புப் பேண்டுல பச்சை நூல்ல தச்சா ரோட்டுல போற பஸ்ஸுக்கே தெரியுமுங்க. அதுக்கு முந்தியே வைஷாலி சொல்லீட்டா. தொண்டையக் கிள்ளிச் சத்தியம் பண்ணுனாளாம், ஒரு நா முச்சூடும் வலிச்சுதாம்."

கல்யாணசுந்தரம் வளையம் நகர்ந்த தூரத்தை விரலால் அளந்து பார்த்தார். பிறகு அந்த மூளைக்குள் ஆய்வாளர் விழித்துக்கொண்டார். வளையம் உள்ளே போயிருக்கிறது, தான் இளைத்திருக்கிறோம். அப்படியானால் சரியான அளவுக்குத் தான் எப்போதோ பாஸ். உடனே திருத்தி வைக்கச் சொன்னார். கனகவல்லி மறுக்கவில்லை. ஒட்டைப் பிரித்தெறிந்து, பின் தையலைப் பழைய கோட்டில் ஓட்டி, வளையத்தைப் பிறந்த இடத்துக்கே கொண்டுவந்து தைத்தாள். பேண்ட்டைப் போட்டார். கொக்கி பழகிய நாய்க்குட்டிபோல் ஓடிவந்து மாட்டிக்கொண்டது. அவர் கையை எடுத்தார். பேண்ட் நேராகத் தரைக்குப் போயிற்று.

"பாஸுங்க," என்றாள் கனகவல்லி. குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது. "இருங்க, சீலை மாத்திட்டு வாரேன். மிசலுக்குப் போலாம்."

அவருக்கு மிசல் வாய்க்குப் போவதற்கு முன்னாலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போன கனகவல்லி வரவில்லை. உள்ளே ஏதோ முக்கல் கேட்டது. அப்புறம் பட்டென்று தையல் விடும் சத்தம். உள்ளே கூப்பிட்டாள். கட்டில்மேல் ரவிக்கைகள் மலையாகக் குவிந்து கிடந்தன.

"ஒண்ணும் சேர மாட்டேங்குதுங்க."

"ஏன்? நீயும் எங்கூடப் பாக்ரிதானே சாப்புட்ட?"

"சாப்புட்டேன். ஞாயித்துக்கெழம நீங்க பாலத்துக்கு நடக்கப் போயிருவீங்கள்ல, அப்ப நானும் வைஷாலியும் கடைக்குப் போவமுங்க. உங்க பங்கு வீணாப் போகக் கூடாது பாருங்க."

கல்யாணசுந்தரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். மழையில் குடை பிடித்துத் தான் நடந்த ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பிளேட்டாக அவர் கண்முன் வந்து நின்றது.

"சரி போகட்டும். இன்னைக்குச் சேந்தே போலாம்."

"எப்படிங்க? உங்க பேண்டெல்லாம் இடுப்புல நிக்காது. பெல்ட்டுலயும் ஓட்டை தீந்து போச்சு. ஒரு கையில பேண்டப் புடிச்சுக்கிட்டா, பாவ் ரொட்டிய எந்தக் கையில பிப்பீங்க?"

அவர் பேண்ட்டைப் பிடித்தபடி நின்றார். அவள் வைஷாலியிடம் தொளதொளவென்று ஒரு குர்தாவை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். ஊசி, நூல்கண்டு, சாக்குக்கட்டி மூன்றையும் அந்த ரவிக்கை மலையின்மேல் வைத்தாள். வைஷாலி வாசலில் "சலா, சலா" என்று அவசரப்படுத்தினாள். கனகவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"பக்கத் தையல்ல தாராளமாவே பிரிச்சு உடுங்க. இன்னைக்கு ரெண்டு பிளேட்டு சாப்புடறதா இருக்கேன்."